பழைய லேப்டாப்பில் லினக்ஸ்: ஒரு வீட்டுக்கு அது மட்டும் போதுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: 2016இல் வாங்கிய லேப்டாப், இன்டெல் ஆறாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 4 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க்கை இன்னும் மாற்றவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டது, 11 இதில் ஏறவில்லை. நீங்கள் தமிழில் கட்டுரைகள் எழுதுகிறீர்கள், பழைய கட்டுரைகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. துணைவியார் தையல் கடைக் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு. கேனன் எல்பிபி 2900 பிரிண்டர் ஒன்று இருக்கிறது. விண்டோசுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டால் போதும் என்கிறார் நண்பர், அது புரோகிராமர்களுக்குத்தான் சரிவரும் என்கிறார் கடைக்காரர். யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள். லினக்ஸ் எவ்வளவு உயர்ந்தது என்ற பேச்சு உங்களுக்கு வேண்டாம். இன்றைக்கு இந்த வீட்டில் நடக்கும் வேலைகள் நாளைக்கும் தடையில்லாமல் நடக்குமா, இரவு பத்து மணிக்கு மகளின் ப்ராஜெக்ட்டை அச்செடுக்க உட்காரும்போது கைவிட்டுவிடுமா, அதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

என் பதில்: போடலாம், உங்கள் வீட்டு வேலைகளில் பெரும்பாலானவை நடக்கும், ஆனால் அந்தப் பிரிண்டர் ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். நான் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன். வீடுகளுக்கும் சின்ன அலுவலகங்களுக்கும் பல ஆண்டுகளாக லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன், பிறகு அவர்கள் கூப்பிடும்போது போய்ப் பார்ப்பதும் நான்தான். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். லினக்ஸ் பிடிக்கவில்லை என்று விண்டோசுக்குத் திரும்பியவர்கள் குறைவு. ஏதோ ஒரே ஒரு வேலை நடக்கவில்லை என்பதற்காகத் திரும்பியவர்கள்தான் அதிகம். அந்த ஒரு வேலை எது என்று போடுவதற்கு முன்பு யாரும் உட்கார்ந்து யோசித்திருக்க மாட்டார்கள். மூன்றாவது வாரத்தில் அது வந்து நிற்கும். அதனால் உங்கள் வீட்டில் கணினியில் நடக்கும் வேலைகளை, வருடத்துக்கு ஒருமுறை வருவதையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதுங்கள். முடிவு அந்தத் தாளில்தான் இருக்கிறது.

முதலில் உங்கள் மெஷினைப் பற்றி. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பட்டியலில் இன்டெல் பிராசஸர்கள் ஒருசில விலக்குகள் போக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகின்றன, டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். உங்கள் லேப்டாப் அதில் இல்லை என்பதால் அது பலவீனமான மெஷின் ஆகிவிடாது. வீட்டு வேலைக்கு ஆறாம் தலைமுறை ஐ5 இன்றைக்கும் தாராளமாகப் போதும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டுப் பயனர்கள் தனியாகப் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். எனவே அவசரப்பட வேண்டியதில்லை, பதிவு செய்துவிட்டு நிதானமாகச் சோதித்துப் பார்க்கலாம். தடையை மீறி 11ஐ ஏற்றித் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். ஏறும். ஆனால் அப்படி ஏற்றிய மெஷினுக்குத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கி வேலை பார்க்கும் வீட்டுக் கணினியில் அதை நான் செய்துதர மாட்டேன்.

உங்கள் மெஷினை மெதுவாக்குவது பிராசஸர் அல்ல, அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க். எந்த இயங்குதளம் போட்டாலும் சரி, அதை எடுத்துவிட்டு ஒரு சாட்டா எஸ்எஸ்டி (அதே இடத்தில் மாட்டும், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள். ரேமை 8 ஜிபி ஆக்குங்கள். ஆறாம் தலைமுறை லேப்டாப்களில் டிடிஆர்3எல், டிடிஆர்4 இரண்டுமே வந்தன. பின்மூடியைக் கழற்றி எந்த வகை என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது: கழற்றிய ஹார்ட் டிஸ்க்கில் உங்கள் விண்டோசும் கோப்புகளும் அப்படியே இருக்கும். லினக்ஸ் சரிவரவில்லை என்றால் பழையதை மாட்டினால் போதும், இருந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். புதிதாக வருபவர்களுக்கு இதைவிட நல்ல பாதுகாப்பு எனக்குத் தெரியாது.

நண்பர் சொன்ன லினக்ஸ் மின்ட் நல்ல தேர்வு. லினக்ஸ் என்பது லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் எழுதத் தொடங்கிய கரு (கெர்னல்), அதாவது வன்பொருளையும் மென்பொருளையும் இணைக்கும் அடித்தள நிரல். அதைச் சுற்றி வேறு வேறு குழுக்கள் மேசைத் திரை, செயலிகள் எல்லாம் சேர்த்துத் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பல இருக்கின்றன. வீட்டுக்கு நான் மின்ட்டைச் சொல்வதற்கு இரண்டு காரணங்கள். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு அந்நியமாகத் தெரியாது. அப்புறம், இன்றைய 22 வரிசை உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை அதற்குத் திருத்தங்கள் வரும், நடுவில் மாற்ற வேண்டிய தொல்லை இல்லை. மின்ட் வேறு வேறு மேசைத் திரைகளோடு வருகிறது: 8 ஜிபி ரேம் போட்டால் சின்னமன் பதிப்பு. 4 ஜிபியிலேயே ஓட்டுவதாக இருந்தால் இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. எந்த டிஸ்ட்ரோ சிறந்தது என்ற சண்டைக்குள் போகாதீர்கள். வீட்டு உபயோகத்தில் அந்த வித்தியாசம் பெரிதில்லை.

பிரவுசருக்குள் நடக்கும் எல்லாமே நடக்கும். வங்கி, ரயில் டிக்கெட், மின்கட்டணம், டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், யூடியூப், கூகுள் மீட், வாட்ஸ்அப் வெப், ஆதார் ஓடிபி வைத்து வருமான வரி தாக்கல் செய்வது எதற்கும் பிரச்சினை வந்து நான் பார்த்ததில்லை. ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வருகிறது, குரோம் வேண்டுமென்றால் அதையும் போட்டுக்கொள்ளலாம். ஜூமுக்கு லினக்ஸ் செயலி உண்டு. படம் பார்க்கும் தளங்களில் மட்டும் ஒரு குறை இருக்கிறது. அவற்றில் சில, நகல் தடுப்புக் காரணத்தால் லினக்ஸ் பிரவுசருக்குக் குறைந்த தரத்தில்தான் படத்தை அனுப்புகின்றன. டிவியில் பார்க்கிற வீடு என்றால் இது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

தமிழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கு அன்றாட வேலை அதுதான். யூனிகோட் தமிழ் (எல்லாக் கணினிகளும் ஒரேபோல் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீட்டில் உள்ள தமிழ்) தெரிவதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை, நோட்டோ, லோஹித் போன்ற எழுத்துருக்கள் இருக்கின்றன. தட்டச்சில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதிக்குப் போனால் தமிழ் என்ற பெயரில் நாலைந்து லேஅவுட்கள் தெரியும், தமிழ்நெட் 99 என்றும் ஒன்று இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு "லினக்ஸில் தமிழ்99 ஒழுங்காக வேலை செய்யவில்லை" என்று சொல்பவர்கள் நிறைய. அந்த லேஅவுட்டில் ஒரு விசைக்கு ஒரு குறி, அவ்வளவுதான், முன்னால் என்ன அடித்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. தமிழ்99இன் அழகே முன்னால் அடித்ததை வைத்துப் புள்ளியைத் தானாகப் போடுவதில்தான் இருக்கிறது: அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகளைத் தட்டினால் அம்மா வந்துவிட வேண்டும். அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையும் அதோடு சேரும் எம்17என் தொகுப்பும் வேண்டும். மென்பொருள் மேலாளரில் ஐபஸ் எம்17என் என்று தேடி நிறுவுங்கள், ஒருமுறை வெளியேறி மறுபடி நுழையுங்கள், ஐபஸ் அமைப்பில் தமிழின் கீழ் தமிழ்99ஐச் சேருங்கள். விண்டோஸ் விசையையும் ஸ்பேஸ்பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும். ஒலிபெயர்ப்பு முறையில் ஆங்கில எழுத்தால் அடித்துப் பழகியவர்களுக்கும், பழைய டைப்ரைட்டர் முறை பழகியவர்களுக்கும், இன்ஸ்கிரிப்ட் பழகியவர்களுக்கும் அதே தொகுப்பில் வழி இருக்கிறது. செல்போனில் வருவதுபோல அடுத்த சொல்லை ஊகித்துத் தருவதை மட்டும் இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

பாமினியில் இருக்கும் பழைய கட்டுரைகள் அழியாது, கவலை வேண்டாம். பாமினி போன்ற எழுத்துருக்களில் கோப்புக்குள் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்துகளின் குறியீடுகள், எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நிறுவிவிட்டால் லிப்ரேஆஃபீஸ் ரைட்டர் (வேர்டு போன்ற இலவச மென்பொருள்) அவற்றைத் திறந்து தமிழாகவே காட்டும், அதே முறையில் தொடர்ந்து தட்டச்சும் செய்யலாம். ஆனால் இந்தச் சந்தர்ப்பத்தில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். பாமினியில் இருக்கும் கட்டுரையில் யூனிகோட் தமிழில் அடித்து ஒரு சொல்லைத் தேட முடியாது, கூகுளுக்குத் தெரியாது, அந்த எழுத்துரு இல்லாதவருக்கு அனுப்பினால் அவருக்கு வெறும் ஆங்கிலக் குப்பை. பிரவுசரிலேயே ஒட்டி மாற்றும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. மாற்றியதும் ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள், மேற்கோள் குறிகளும் எண்களும் நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களும்தான் வழக்கமாகச் சிதையும் இடங்கள்.

ரைட்டரில் இன்னொரு குழப்பம் தமிழில் எழுதுபவர்களுக்கு மட்டும் வரும். அது ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவும், தமிழ், இந்தி, அரபு போன்றவற்றுக்கு வேறோர் எழுத்துருவும் தனித்தனியே வைத்துக்கொள்கிறது. பத்திப் பாணியில் ஒன்றின் அளவை 14 ஆக்கிவிட்டு மற்றதை விட்டுவிட்டால் தமிழ் 12லேயே நிற்கும். பாமினி அதன் கண்ணுக்கு ஆங்கிலம், யூனிகோட் தமிழ் அதன் கண்ணுக்கு மற்ற வகை. மொழி அமைப்பில் சிக்கலான எழுத்தமைப்புக்கான வசதியைத் தேர்ந்தெடுத்து அதற்குத் தமிழை இயல்பாக வைத்துவிட்டால் இது தீர்ந்துவிடும். லதா, நிர்மலா யூஐ இரண்டும் விண்டோசோடு வருபவை, லினக்ஸில் இருக்காது. அவற்றில் அமைத்த வேர்டு கோப்பைத் திறந்தால் வேறோர் எழுத்துரு வந்து உட்காரும், வரிகள் நகரும், பத்துப் பக்கம் பதினொன்றாகும். எழுத்தில் பிழை வராது, பக்க அமைப்புதான் மாறும். பத்திரிகைக்கு அனுப்பும்போது கட்டுரையோடு ஒரு பிடிஎஃப் பிரதியும் சேர்த்து அனுப்பும் பழக்கம் இதற்குப் போதும். அச்சகத்தில் பேஜ்மேக்கரிலோ இன்டிசைனிலோ பக்கம் கட்டுபவராக நீங்கள் இருந்திருந்தால் லினக்ஸே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். கட்டுரை எழுதுபவருக்கு அந்தத் தடை இல்லை. கூடுதலாக ஒரு லாபமும் உண்டு: டெசராக்ட் என்ற மென்பொருளில் தமிழ்த் தரவைச் சேர்த்துக்கொண்டால் பழைய புத்தகப் பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்துத் தரும். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாகவே வரும், மங்கலான பழைய தாளில் பிழைகள் மலிந்திருக்கும்.

துணைவியாரின் தையல் கடைக் கணக்குக்கு லிப்ரேஆஃபீஸ் கால்க் போதும். எக்செல் கோப்பை நேரடியாகத் திறக்கும், அதே வகையில் சேமிக்கும். கூட்டல், விலுக்அப், பிவட் எல்லாம் நடக்கும். எக்ஸ்லுக்அப் சூத்திரம் பயன்படுத்தியிருந்தால் மட்டும் கவனியுங்கள். அது லிப்ரேஆஃபீஸின் 24.8 பதிப்பில்தான் வந்தது, மின்ட் 22 கூடவே தருவது அதற்கு முந்தைய 24.2. மென்பொருள் மேலாளரிலேயே ஃப்ளாட்பேக் என்ற தனித் தொகுப்பு வடிவில் புதிய பதிப்பு கிடைக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எக்செலில் மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதி வைத்திருந்தால் அது ஓடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, சில ஓடும், பல ஓடாது, கோப்பைத் திறந்து பார்த்தால்தான் தெரியும். கடை வளர்ந்து டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் போனாலோ, ஜிஎஸ்டிக்காக யூஎஸ்பி டோக்கனில் டிஜிட்டல் கையொப்பம் வாங்கினாலோ, அந்த வேலையை ஒரு விண்டோஸ் மெஷினில் வையுங்கள். அந்த டோக்கன்களில் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர்கள் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்கள்) உண்டு, முயன்று ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தாக்கலின் கடைசி நாளன்று தளம், பிரவுசர், ஜாவா, டோக்கன் நான்கையும் ஒத்துப்போக வைக்கும் பாட்டை ஒரு கடைக்காரர் படக்கூடாது.

இப்போது பிரிண்டர். எல்பிபி 2900 நம் ஊரில் வீட்டுக்கு வீடு, ஜெராக்ஸ் கடைக்குக் கடை இருக்கும் உழைப்பாளி. லினக்ஸுக்கு மட்டும் அது ஒத்துழைக்காது, காரணம் அதன் அமைப்பில் இருக்கிறது. விலை உயர்ந்த பிரிண்டர்கள் பக்கத்தைப் புரிந்துகொள்ளும் அறிவைத் தமக்குள் வைத்திருக்கும். இது அப்படியல்ல. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலையைக் கணினியிடம் விட்டுவிட்டு, கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியில் அந்தப் புள்ளிகளை வாங்கிக்கொள்கிறது. அந்த மொழிக்குக் கேனன் லினக்ஸுக்காகத் தந்த டிரைவர் மிகப் பழையது, 32 பிட் நூலகங்களை எதிர்பார்ப்பது. இன்றைய மின்ட்டில் அதை எழுப்பி உட்கார வைத்தாலும் அடுத்த புதுப்பிப்பில் படுத்துவிடலாம். தன்னார்வலர்கள் எழுதிய திறந்த டிரைவர் ஒன்றும் இருக்கிறது. சிலருக்கு ஓடுகிறது, சிலருக்கு இரண்டாவது பக்கத்தில் நின்றுவிடுகிறது. நான் இதை நம்பி ஒரு வீட்டை ஒப்படைக்க மாட்டேன்.

அதனால் உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டில் இன்னொரு பழைய விண்டோஸ் மெஷின் இருந்தால் பிரிண்டர் அதிலேயே இருக்கட்டும், லினக்ஸில் பிடிஎஃப் ஆக்கி அங்கே கொண்டுபோய் அச்செடுங்கள். இல்லையென்றால் லினக்ஸோடு விண்டோசையும் வைத்துக்கொண்டு அச்செடுக்கும்போது மட்டும் அதில் நுழையலாம். மாதம் பத்துப் பக்கம்தான் அச்செடுக்கிறீர்கள் என்றால் இது தாங்கும், மகள் தினமும் அச்செடுப்பாள் என்றால் சலித்துவிடும். மூன்றாவது, பிரிண்டரை மாற்றுவது. எப்சனின் இங்க் டேங்க் வகைகள் என் அனுபவத்தில் சிக்கல் தந்ததில்லை. ஹெச்பியில் பெரும்பாலானவை ஓடும், ஆனால் லேசர்ஜெட் 1020 போன்ற பழையவற்றுக்கு ஹெச்பியின் மூடிய பிளக்இன் ஒன்றையும் சேர்த்து இறக்க வேண்டும். வைஃபை உள்ள புதிய பிரிண்டர்களில் டிரைவரே தேவைப்படாத ஐபிபி முறை இருக்கிறது. செல்போனிலிருந்து எந்தத் தனிச் செயலியும் இல்லாமல் அச்செடுக்க முடிகிற பிரிண்டர் என்றால் பெரும்பாலும் லினக்ஸிலும் அச்செடுக்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

மகளுடைய படிப்பில் எனக்குக் கவலை இல்லை. கேரளத்தில் அரசுப் பள்ளிகளின் கணினி வகுப்புகள் பல ஆண்டுகளாக லினக்ஸில்தான் நடக்கின்றன, அதற்கென்றே உபுண்டுவை வைத்துத் தனிப் பதிப்பு தயாரித்துக்கொள்கிறார்கள். நம் மாநிலத்தில் தந்த விலையில்லா மடிக்கணினிகளிலும் விண்டோசோடு பாஸ் லினக்ஸ் இருந்தது, அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கியது அது. ஜியோஜீப்ராவும் ஸ்கிராட்சும் பிரவுசரிலேயே ஓடும், பைத்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. கல்லூரிக்குப் போகும்போதுதான் இரண்டு இடங்களில் முட்டும். சில நிறுவனங்கள் ஆன்லைன் தேர்வுக்குக் கேட்கும் பூட்டு பிரவுசர்கள், உதாரணமாக சேஃப் எக்ஸாம் பிரவுசர், லினக்ஸில் கிடையாது. ஆட்டோகேட் போன்ற பாட மென்பொருள்களும் கிடையாது. அப்போது அவளுக்கு வேறு மெஷின் வேண்டியிருக்கும், அது எப்படியும் வாங்க வேண்டியதுதான். விளையாட்டுகளில் ஸ்டீமில் இருப்பவை நிறைய ஓடும், வேலரன்ட் போன்று ஏமாற்றுத் தடுப்பு வைத்தவற்றில் சில ஓடவே ஓடாது.

நிறுவுவதற்கு முன் பென் டிரைவில் வைத்து ஓட்டிப் பாருங்கள். மின்ட்டின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவும் வட்டின் முழுப் பிரதி) அவர்களுடைய தளத்திலிருந்தே இறக்கி, ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருள் கொண்டு பென் டிரைவில் எழுதி, அதிலிருந்து துவக்கினால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே முழு லினக்ஸும் ஓடும். மெதுவாகத்தான் ஓடும், வேகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். துவக்கும்போது டெல், லெனோவோவில் எஃப்12, ஹெச்பியில் எஃப்9 அழுத்தினால் எதிலிருந்து துவங்குவது என்று கேட்கும். உள்ளே போனதும் வைஃபை தெரிகிறதா, ஒலி வருகிறதா, கேமரா எரிகிறதா, திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். மூடியைச் சாத்தி ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் விழிக்கிறதா என்பதையும் பாருங்கள். வைஃபை சிப் இன்டெலாக இருந்தால் அநேகமாகத் தொல்லை இல்லை. பிராட்காம் என்றால் ஒருமுறை கேபிளிலோ செல்போன் டெதரிங்கிலோ இணைத்து டிரைவர் மேலாளரில் டிரைவரைப் போட வேண்டியிருக்கும். தூங்கி எழுவது, கைரேகை வருடி, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்பவையெல்லாம் மெஷினுக்கு மெஷின் மாறும். உங்கள் லேப்டாப்பைப் பார்க்காமல் அவற்றைப் பற்றி யார் உறுதி சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும் கூட.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்று வந்தால் பயாசில் (துவங்கும்போது நுழையும் அடிப்படை அமைப்புத் திரை) டிஸ்க்கோடு பேசும் சாட்டா முறை ரெய்டு என்று இருக்கலாம், அதை ஏஹெச்சிஐ ஆக்க வேண்டும். விண்டோசையும் கூடவே வைத்துக்கொள்வதாக இருந்தால் இதைச் சும்மா மாற்றாதீர்கள், விண்டோஸ் துவங்காமல் போய்விடும். அதற்குத் தனி வழிமுறை இருக்கிறது, தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். இரண்டையும் வைப்பவர்கள் விண்டோசில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் வசதி) போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு நாள் விண்டோசில் நுழைந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கும். கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை வைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸிடம் சொல்லிவிட்டால் சரியாகிவிடும். நிறுவும்போது மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள், இல்லையென்றால் சில வீடியோக்கள் ஓடாது. எல்லாவற்றுக்கும் முன்பு, கட்டுரைகளையும் படங்களையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்தாலும் இது வேண்டும், ஒன்பது வருடம் ஓடிய டிஸ்க் அது.

கடைக்காரர் சொன்ன புரோகிராமர் விஷயம் ஒரு காலத்தில் உண்மை. இன்றைக்கு வீட்டு வேலைக்குக் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டிய நாள் அபூர்வம். மென்பொருள் வேண்டுமென்றால் மென்பொருள் மேலாளரில் தேடி நிறுவுவது, புதுப்பிப்பு வந்தால் கேடய அடையாளத்தைச் சொடுக்கிக் கடவுச்சொல் தருவது, இவ்வளவுதான் பழக வேண்டியது. ஏதோ ஒரு தளத்தில் பார்த்த கட்டளையை என்னவென்று தெரியாமல் டெர்மினலில் (அந்தக் கறுப்புத் திரையில்) ஒட்டுவதற்குத்தான் நான் பயப்படுகிறேன். பழுதாகி என்னிடம் வந்த லினக்ஸ் மெஷின்களில் அப்படிக் கெட்டவைதான் அதிகம். நிறுவிய அன்றைக்கே டைம்ஷிஃப்ட்டைத் திறந்து வாரம் ஒருமுறை சிஸ்டத்தின் நகல் எடுக்கும்படி வையுங்கள். ஒரு புதுப்பிப்புக்குப் பின் வைஃபையோ ஒலியோ போனால், துவங்கும்போது வரும் மெனுவில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள், பல நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தைத்தான் காக்கும், உங்கள் கட்டுரைகளைக் காக்காது, அவற்றுக்குத் தனி நகல் வேண்டும். வைரஸ் தொல்லை விண்டோசைவிட மிகக் குறைவு. ஆனால் வங்கி பெயரில் வரும் பொய்த் தளத்துக்கும் ஓடிபி கேட்டு வரும் அழைப்புக்கும் இயங்குதளம் எதுவானாலும் ஒன்றுதான்.

தமிழில் உதவி கிடைக்கிறது. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எளிய தமிழில் எழுதி வருகிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, கேள்வி கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். இதற்கெல்லாம் அப்பால், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது பெரிய பலம். நண்பர் மின்ட் பயன்படுத்துபவர் என்றால் முதல் மாதம் அவரை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த மாதம் எஸ்எஸ்டியும் ரேமும் வாங்குவேன், பென் டிரைவில் சோதித்துவிட்டு புது எஸ்எஸ்டியில் மின்ட் மட்டும் போடுவேன், கேனனைக் கொஞ்ச நாளைக்குப் பழைய டிஸ்க்கோடு ஒதுக்கி வைத்துவிட்டு அச்சுக்குப் பிடிஎஃப்பை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்புவேன். இரண்டு மாதத்தில் எவ்வளவு அச்செடுக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும், புதுப் பிரிண்டர் வேண்டுமா என்பதும் அதிலேயே தெரியும். பென் டிரைவில் ஓட்டிப் பார்த்ததும் லேப்டாப்பின் மாடல், வைஃபை சிப்பின் பெயர், மூடியைத் திறந்தபோது விழித்ததா என்ற மூன்றையும் இங்கேயே எழுதுங்கள். துணைவியாரின் கோப்பில் மேக்ரோ இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.